அம்மாவுக்குத் தெரிகிற நிறம்

என் தங்கை நிறம் பார்த்துச் சொல்லிப் பிழைப்பவள். கைரேகை பார்ப்பது மாதிரி இதுவும் ஒரு தொழிலா என்று எத்தனையோ முறை அவள் வாயைக் கிளறியிருக்கிறேன். புதிதாக ஒரு கம்பெனி தொடங்கினால் அதன் பெயர்ப்பலகை, வண்டி, பை, ரசீது, வேலையாட்களின் சட்டை என்று எல்லாவற்றுக்கும் என்ன நிறம் என்று முடிவு செய்வது அவள் வேலை. வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். இருவருக்கும் தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அதே பெயர்கள்தான்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தப்புத் தப்பாக ஓட்டுகிற ஆண்களைப் பகலெல்லாம் பக்கத்தில் வைத்திருந்தால் போதும், வீட்டிலும் ஒருவர் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. கற்றுக்கொடுக்கிற காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் அடுத்து என்ன தப்பு செய்வார் என்று அவருக்கு முன்பே தெரிந்துகொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்ட எனக்கே இது வருவது தெரியவில்லை. அந்த ஆத்திரத்தோடுதான் சொல்கிறேன், கொஞ்சம் வாய் நீளும்.

சின்னவள் யாரிடமும் ஒரு நிறத்தைக் காட்டி, பிடித்திருக்கிறதா என்று கேட்க மாட்டாள். அட்டைகளில் சாயம் பூசி நம் முன்னால் ஒவ்வொன்றாக வைப்பாள். பிறகு எல்லாவற்றையும் எடுத்து ஒளித்துவிட்டு, டீ போட்டுக் கொடுத்து, அக்கம்பக்கத்துக் கதையெல்லாம் பேசி, நாம் சுத்தமாக மறந்த நேரத்தில் என்னென்ன பார்த்தாய் என்பாள். முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றோ இரண்டோதான் நினைவிருக்கும். அந்த ஒன்றிரண்டைத்தான் அவள் எடுத்துக்கொள்வாள். அதை உச்சி வெயிலில் வைத்துப் பார்ப்பாள், டியூப்லைட்டில் பார்ப்பாள், போன் திரையில் பார்ப்பாள், ஈரச் சுவரில் பூசிப் பார்ப்பாள். நீலத்தை பாங்குக்காரர்கள் தின்று தீர்த்துவிட்டார்கள் என்பாள். பச்சை என்றால் மருந்துக்கடை ஞாபகம் வந்துவிடும். சிவப்பு ஓயாமல் கத்துகிற பிள்ளை, கொஞ்ச நேரத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் ஒரு நிறத்தைப் பேச வைக்கும் என்பது அவளுடைய வேதம். எனக்கு இதெல்லாம் காதில் பூச்சுற்றுகிற பேச்சாகத்தான் இருந்தது, அம்மாவின் கதவு வரைக்கும்.

அம்மாவுக்குக் கண் நடுவிலிருந்து மங்கியது. ஓரங்கள் தெரியும், நேராகப் பார்ப்பதுதான் தெரியாது. என்னைப் பார்த்தால் முகம் இருக்காது, காது இருக்கும். டாக்டர் இனி இப்படித்தான் என்று கைவிரித்துவிட்டார். அம்மா அழவில்லை. சாயங்காலம் தெருக்கோடி பஸ் நிறுத்தம் வரை நடந்துபோய், பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்புவதை மட்டும் விட மாட்டேன் என்றாள். அதுவும் தனியாக. துணைக்குப் போனால் கையை உதறுவாள். போவதில் தொல்லை இல்லை, திரும்பி வருவதில்தான். எங்கள் தெருவை ஒரே காண்ட்ராக்டர் ஒரே அச்சில் வார்த்துவிட்டுப் போயிருக்கிறார். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், சாம்பல் நிறப் பூச்சு, வாசலில் மூன்று படி, ஓர் இரும்புக் கைப்பிடி. உள்ளேயும் முன்னறை, நடை, சமையலறை என்று அச்சுப் பிசகாமல் ஒன்றே. கதவுகளை எண்ணிக்கொண்டு வாயேன் என்று நான் சொல்லப்போக, நான் என்ன குருடியா என்று கேட்டுவிட்டு அன்று முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை.

சின்னவள்தான் வழி கண்டுபிடித்தாள். பலகைகளில் நிறம் பூசி எங்கள் வாசலில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தாள். நான் அம்மாவோடு தெருக்கோடியில் நின்றேன். நீலப் பலகையைப் பிடித்தபோது அங்கே கதவே இல்லை என்றாள் அம்மா. பச்சை ஏதோ செடி மாதிரி இருக்கிறதாம். சிவப்பு வெறும் இருட்டு. கடைசியில் பழுத்த பப்பாளியின் சதை நிறத்தில் ஒன்றைத் தூக்கினாள். அம்மா தலையைச் சற்றே சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்து, "யாரு வீட்டுலயோ விளக்கு எரியுதே" என்றாள். அன்றே கதவுக்கு அந்த நிறத்தைக் கலந்து அடித்தோம். கடையில் அதற்குப் பெயர் கிடையாது, சின்னவளே கலந்தது. சாம்பல் தெருவில் அந்த ஒரு கதவு மட்டும் தனியாக நின்றது. அம்மா அதைப் பார்த்தபடி கம்பை ஊன்றிக்கொண்டு ராணி மாதிரி நடந்து வருவாள். தபால்காரரிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எங்களுக்கு வைத்த பெயர் பப்பாளிக் கதவு வீடு.

சில வருடங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் வந்தாள். பேச்சுக்கொடுத்துக்கொண்டே பிளேடால் கதவின் ஓரத்திலிருந்து நகக்கண் அளவு பெயின்ட்டைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள். என்னடி என்றேன். பெரிய இடத்து வேலையாம். பழைய வீடுகளை வாங்கி, இடித்து, மாடிமாடியாகக் கட்டுகிற கம்பெனி. இதுவரை எல்லாவற்றையும் நீலத்தில் செய்துவைத்திருக்கிறார்கள், யாருக்கும் அவர்கள் பெயரே நினைவில் நிற்கவில்லை. அவர்கள் பேசி மசிய வைக்க வேண்டியதெல்லாம் வயதானவர்களைத்தான், பழைய வீடுகள் அவர்கள் பெயரில்தானே இருக்கும் என்றாள். கண் மங்கினவர்களுக்கும் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், பார்த்தால் பயம் வரக் கூடாது, வீட்டு நினைப்பு வர வேண்டும். அதற்கு இதைவிட ஒரு நிறம் உலகத்தில் இல்லையாம். அம்மாவின் கதவையா விற்கிறாய் என்று கேட்டேன், விளையாட்டாகத்தான். நிறம் யாருக்கும் சொந்தமில்லை என்று சிரித்தாள். அவள் சிரிப்பில் கள்ளம் இல்லை. என்னால் இன்றைக்கும் அதைச் சத்தியம் செய்து சொல்ல முடியும்.

அந்த நிறத்தை மறுபடி நான் பார்த்தது எங்கள் தெருவில் இல்லை. புதிதாகக் கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண்ணை ஆற்றோரக் குடியிருப்புப் பக்கம் ஓட்டச் சொல்லியிருந்தேன். வண்டி நடமாட்டம் குறைந்த இடம். தெருவுக்குள் திரும்பியதும் பழைய வீடு ஒன்றில் எங்கள் கதவு இருந்தது. நான் என்னையறியாமல் பிரேக்கை மிதித்துவிட்டேன். அந்தப் பெண் தன் மேல்தான் தப்பு என்று நினைத்து மன்னிப்புக் கேட்டாள். அடுத்த வாரம் அதே தெருவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பப்பாளிக் கதவுகள். அதற்கடுத்து எதிரெதிராக, வரிசையாக. பிறகு ஒருநாள் போனபோது தெருவே இல்லை. சுற்றிலும் தகரம் அடைத்திருந்தார்கள், தகரமும் பப்பாளி நிறம். உள்ளே இயந்திரம் உறுமுகிற சத்தம் கேட்டது. பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சின்னவளுக்குப் போன் போட்டேன்.

"கதவுக்கு எதுக்குடி அடிக்கிறாங்க?"

"சம்மதிச்சவங்க வீட்டுக் கதவுக்கு மட்டும்தான்க்கா. அது என் யோசனை." பெருமையாகத்தான் சொன்னாள். "நோட்டீஸை எவன் படிக்கிறான்? பக்கத்து வீட்டுக் கதவை எல்லாரும் படிப்பாங்க. ஒரு நிறத்தை எல்லா இடத்துலயும் கொட்டினா வீணாப் போகும். எங்க மனசுல நிக்கணுமோ அங்க மட்டும் வைக்கணும்."

"அதைப் பாத்துப் பயந்து மத்தவங்களும் கையெழுத்து போடுவாங்க."

"பயம் இல்லக்கா. யாரையும் மிரட்டல. அவங்களே பாத்து அவங்களே முடிவு பண்றாங்க."

"அதுக்குப் பேருதான் மிரட்டல்" என்றேன். அவள் பேச்சை மாற்றி, அம்மா சாப்பிட்டாளா என்று கேட்டாள்.

மழை நின்ற சமயத்தில் கம்பெனிக்காரர் எங்கள் தெருவுக்கு வந்தார். அவருக்கு நான் வைத்த பெயர் பவ்யம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் படியேறுவார். குரலை உயர்த்த மாட்டார். வேண்டாம் என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டுப் போவார், மறுவாரம் அதே சிரிப்போடு வருவார். கத்துகிறவரைச் சமாளிக்க எனக்குத் தெரியும். தேனாகப் பேசுகிறவரிடம் எதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவது? எங்கள் வாசலுக்கு வந்த அன்று அவர் கதவைப் பார்த்துச் சற்று நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். தடவிப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டு, உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்கு அந்தக் கதவைத் துடைக்க வேண்டும்போலவே இருந்தது.

தெருவில் எல்லோரும் நர்ஸக்கா வீட்டில் கூடினோம். நர்ஸக்கா எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருப்பவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், யாருக்கு என்ன என்றாலும் முதல் ஆளாக ஓடி வருபவர். யாரும் கையெழுத்துப் போடுவதில்லை, ஒற்றுமையாக நிற்போம் என்று ஏகமனதாகப் பேசினோம். பேச்சு முடிந்து எழுந்திருக்கும்போது நர்ஸக்கா என் கையைப் பிடித்தார்.

"உங்க வீடு முதல்லயே போட்டுடுச்சே. அப்புறம் நாங்க நின்னு என்ன ஆகப்போகுது?"

நான் சிரித்துவிட்டேன். "நர்ஸக்கா, அந்தக் கதவு எத்தனை வருஷமா இருக்கு, அதுக்கு முதல் கோட் அடிக்கும்போது ஸ்டூலைப் பிடிச்சதே நீங்கதானே."

"அது வேற நிறம் இல்லையா? கொஞ்சம் மஞ்சளா இருந்துச்சே" என்றார் அவர். பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம், இந்த நிறம் இப்போதுதான் வந்தது என்றார்கள். வருடக்கணக்காக அந்தக் கதவைத் தாண்டிப் போனவர்கள், அதை அடையாளமாகச் சொல்லி வழி காட்டியவர்கள். பொய் சொல்லவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தேன், உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார்கள். கம்பெனியின் வண்டிகளிலும் தகரத்திலும் தொப்பிகளிலும் பார்த்துப் பார்த்து, பழைய நினைவின் மேலேயே புது கோட் அடித்தாகிவிட்டது. சின்னவள் தன் வேலையில் கெட்டிக்காரி என்பது எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது.

அந்த மாதமே நர்ஸக்காவின் கதவு பப்பாளி நிறமானது. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துரோகம் செய்தது நான்தான் என்கிற மாதிரி.

விஷயம் தெரிந்ததும் சின்னவள் பேயறைந்த மாதிரி வந்து நின்றாள். எங்கள் தெருவும் பட்டியலில் இருப்பது அவளுக்குத் தெரியாது. கம்பெனிக்குப் போய், கதவு அடிப்பதை நிறுத்துங்கள் என்று கேட்டாள். அவர்கள் அவளை உட்கார வைத்து, காபி கொடுத்து, அவளுடைய நிறம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று பாராட்டி அனுப்பினார்கள். கடைசி வரைக்கும் முடியாது என்கிற வார்த்தையை யாரும் சொல்லவில்லையாம்.

எங்கள் கதவையாவது மாற்றிவிடலாம், நாங்கள் கையெழுத்துப் போடவில்லை என்று தெருவுக்குத் தெரியட்டும் என்றேன் நான். அப்படியென்றால் அம்மாவுக்குத் தெரிகிற வேறொரு நிறம் வேண்டும். சின்னவள் மறுபடி பலகைகளைச் செய்து எடுத்து வந்தாள். மறுபடி நான் அம்மாவோடு தெருக்கோடியில் நின்றேன். எலுமிச்சை மஞ்சளைப் பிடித்தாள், சுண்ணாம்பு வெள்ளையைப் பிடித்தாள், இரவில் சாலை போடுகிறவர்கள் மாட்டிக்கொள்கிற கண் கூசும் பச்சையைக்கூடப் பிடித்தாள். அம்மா எதற்கும் தலையசைக்கவில்லை. கண் இன்னும் மங்கியிருந்தது. எல்லாம் ஒரே புகை என்றாள். பிறகு, அந்தப் பழசு மட்டும் தெரிகிறது, அதை எடுத்துவிடாதீர்கள் என்றாள். சின்னவள் அங்கே பலகையைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டாள். கதவை நாங்கள் தொடவில்லை.

இதில் எதையும் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள், தூக்கம் போய்விடும் என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. வீடு அம்மா பேரில் இருக்கிறது, அவள் கையெழுத்துப் போடாதவரை எவனும் எதுவும் செய்ய முடியாது, அப்புறம் ஏன் சொல்லிக் கலவரப்படுத்த வேண்டும் என்பது எங்கள் கணக்கு. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு குசுகுசுவென்று பேசுவோம். கண் போனவளுக்குக் காது எவ்வளவு கூர்மை என்பதை இரண்டு மேதாவிகளும் மறந்துவிட்டோம். ஒருநாள் சாப்பிடும்போது அம்மா தானாகச் சொன்னாள், இப்போதெல்லாம் தெருவில் வெளிச்சம் கூடிவிட்டது என்று. எனக்கு அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

கதவுகள் ஒவ்வொன்றாக மாறின. ஒவ்வொன்றாகச் சாமான் வண்டிகள் வந்தன. காலியான வீடுகளின் பூட்டைக் கம்பெனி ஆட்கள் கழற்றிவிடுவார்கள், கதவு காற்றில் அடித்துக்கொண்டே கிடக்கும். தெருவின் மறுகோடியில் இடிப்பு தொடங்கியிருந்தது. தூசி எங்கள் துணிக்கொடி வரைக்கும் வந்தது. நான் சாயங்கால வகுப்புகளைக் குறைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அம்மாவுக்குத் தெரியாமல் அவள் பின்னால் நடக்கத் தொடங்கினேன். பெஞ்சிலிருந்து எழுந்து தெருவைப் பார்த்து நிற்பாள். முன்பெல்லாம் நேராக நடப்பாள். இப்போது நின்று, தலையை இப்படிச் சாய்த்து, அப்படிச் சாய்த்து, ஒரு வீட்டின் முன் தயங்கி, அடுத்ததற்குப் போவாள். தப்பான படியில் கால் வைக்கும்போது நான் அப்போதுதான் எதிரே வந்தவள்போல் குரல் கொடுத்துக் கூட்டிப் போவேன். இன்றைக்கும் நீ வேலைக்குப் போகவில்லையா என்று கேட்பாள். அந்தத் தெருவில் கையெழுத்துப் போடாமல் மிஞ்சியது எங்கள் வீடு ஒன்றுதான். அதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அன்று எனக்கு டிரைவிங் டெஸ்ட் இருந்தது. கற்றுக்கொண்டவர்களை அழைத்துப் போய்க் காத்திருக்க வேண்டும், தப்பிக்க முடியாது. சின்னவளை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தேன். அவளும் வந்திருந்தாள். பின்கட்டில் நின்று போனில் கம்பெனியோடு வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் திரும்பி வந்தபோது சின்னவள் தெரு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பெஞ்சில் இல்லை, அக்கா, எங்கேயும் இல்லை என்றாள்.

பொழுது சாய்கிற நேரம். நான் ஒரு பக்கமும் அவள் மறுபக்கமுமாகப் போனோம். ஒவ்வொரு வீடாக ஏறி உள்ளே கூப்பிட்டேன். ஆள் இல்லாத அறைகளில் என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. எந்த வீட்டைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்று குழம்பிவிட்டது, இருப்பதெல்லாம் ஒரே கதவு. ஒரு வீட்டுக்குள் ஏறிப்போய்க் கட்டிலைப் பார்த்தபோதுதான் அது எங்கள் வீடு என்பதே தெரிந்தது. கோடியில் இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நோக்கி ஓடினேன். நிறுத்துங்கள், உள்ளே வயசான அம்மா இருக்கிறாள் என்று கத்தினேன். அதை ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்து, இடிக்கிற வீட்டை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தோம், யாரும் இல்லை என்றார். அவர் சொன்னது நிஜம்தான். ஆனாலும் எனக்கு அந்தக் கல்குவியலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது அம்மா வந்துகொண்டிருந்தாள். பவ்யம் அவள் முழங்கையைப் பூப்போலப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். எனக்கு உயிர் வந்தது. வழி தவறி ஒரு காலி வீட்டுக்குள் போய்விட்டார்கள், தனியாக உட்கார்ந்திருந்தார்கள், நாற்காலி கொண்டுவரச் சொல்லிக் கொஞ்ச நேரம் துணைக்கு இருந்தேன் என்றார். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு அம்மாவை முன்னறை வரை கொண்டுவந்து விட்டார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். உங்களைப் பற்றி என்னென்னமோ நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொன்னேன்.

"நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்" என்றார். டம்ளரைப் பத்திரமாக மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அம்மா தன் கட்டிலின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு தலையணையை. பிறகு பக்கத்து அலமாரியை. அவள் முகம் ஏதோ புரியாத மாதிரி சுருங்கியது.

"இதையெல்லாம் திரும்பக் கொண்டுவந்துட்டீங்களா?"

"எதை?" என்றேன்.

"சாமானை. கொஞ்சம் முன்ன வந்தப்ப வீட்டுல ஒண்ணுமே இல்லையே. கட்டில் இல்ல, அடுப்பு இல்ல, கூப்பிட்டா வீடே எதிரொலிக்குது. நீங்க ரெண்டு பேரும் கொஞ்ச நாளா காலி பண்றது, கையெழுத்துன்னு ரகசியம் பேசிட்டு இருந்தீங்க. சரி, முடிச்சுட்டாங்க, எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிக்கிறாங்கன்னு நினைச்சேன்." அம்மா சிரிக்கப் பார்த்தாள். "அந்தத் தம்பி வந்தார். நல்ல மரியாதையான புள்ள. நீங்கதானே வீட்டுக்காரம்மா, இது உங்க வீடுதானே, உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டார். ஆமான்னேன். இன்னும் ரெண்டு பேர் இருந்தாங்க, போன்ல படம் எடுக்கிறோம், இன்னொரு தடவை சத்தமா சொல்லுங்கம்மான்னாங்க. சொன்னேன். கையைப் பிடிச்சுக் காட்டின இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டேன். பெத்த பொண்ணுங்களே வேண்டாம்னு முடிவு பண்ணின வீட்டை நான் ஏன் கட்டிப் பிடிச்சுட்டு இருக்கணும்? உங்களுக்குக் குறுக்க நிக்கிறவளா நானு?"

பெஞ்சிலிருந்து எவ்வளவு தூரம் நடந்தாள் என்று கேட்டதில், அது காலியாகிக் கிடந்த நர்ஸக்காவின் வீடு என்று தெரிந்தது. மூன்று படி, கைப்பிடி, முன்னறை, நடை. அம்மா கம்பைத் தட்டிக்கொண்டு ஓர் அறை விடாமல் எங்களைத் தேடியிருக்கிறாள். பவ்யம் வெளியே வண்டியிலிருந்து அவள் படியேறுவதைப் பார்த்திருக்கிறார். இது உங்கள் வீடு இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். சின்னவள் மேல் பாய்ந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று திரும்பினேன். அவள் அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா" என்றாள். குரலே இல்லை அவளுக்கு. "வீடு பூரா காலியா இருந்துச்சே. நம்ம வீடு இல்லையோன்னு உனக்கு ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வரலையா?"

அம்மா குரல் வந்த பக்கம் கையை நீட்டி அவள் தலையைத் தேடிப் பிடித்தாள்.

"எதுக்குடி வரணும்? கதவைப் பாத்துத்தானே ஏறினேன். நீ எனக்காகப் போட்ட நிறம், அது என்னை வேற வீட்டுக்கா கூட்டிட்டுப் போகும்?"

சின்னவள் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஏன் அழுகிறாய், சாமான்தான் வந்துவிட்டதே என்று அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.